குறும்படத்துக்கு யார் காசு கொடுத்தது?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், நகரம் முடிகிற இடத்தில் இந்து நகர் வரும். அங்கே தயாரான பிலிமின் வணிகப் பெயர்தான் ‘இந்து’. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் (எச்.பி.எஃப்) என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-இல் உருவாகி, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கும்மிருட்டில் பூசுகிற வேலை அது. தூசு விழுந்தால் சுருள் பாழ். குளிர்ந்த காற்றும் நல்ல தண்ணீரும் வேண்டும் என்றுதான் தொழிற்சாலை மலையேறி வந்தது. எக்ஸ்ரே பிலிம், போட்டோ பேப்பர், கறுப்பு வெள்ளை சினிமா பிலிம் எல்லாம் இங்கிருந்து நாடெங்கும் போயின. எச்.பி.எஃப்-இல் வேலை என்றால் மறுபேச்சில்லாமல் பெண் கொடுத்த காலம் ஒன்று நீலகிரியில் இருந்தது. 1990-களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பிறகு மெல்ல மூடப்பட்டது.

உலகக் குறும்படங்களைப் பற்றிப் பேச இந்தத் தொழிற்சாலையில்தான் தொடங்க வேண்டும். பிலிமின் விலை தெரியாமல் குறும்படத்தின் வரலாறு புரியாது. கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம். 35 மி.மீ. பிலிம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். 16 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 36 அடி. 400 அடிச் சுருளுக்கும் அதே பதினோரு நிமிடம். பத்து நிமிடப் படத்துக்கு ஒவ்வொரு ஷாட்டையும் நான்கு தடவை எடுத்தால் 35 மி.மீ.-இல் 3,600 அடி. அதற்கு மேல் லேப் செலவு, ஒலிச் செலவு, பிரிண்ட் செலவு. நம் நாட்டில் கச்சா பிலிம் இறக்குமதிக்கு உரிமமும் ஒதுக்கீடும் தேவைப்பட்ட காலத்தில், காசு இருந்தாலும் பிலிம் கிடைக்காது.

பெரிய படத்துக்கு இந்தச் செலவை டிக்கெட் வசூல் திருப்பித் தரும். குறும்படத்துக்கு டிக்கெட்டே கிடையாது. பத்து நிமிடம் பார்க்க யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். ஆகவே, போட்ட பணம் திரும்பி வராது என்று தெரிந்தே பணம் போட ஒருவர் வேண்டும். அவர் யார், எதற்காகப் போட்டார் என்று கேட்டால், ஒரு நாட்டின் குறும்படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். ‘சுயாதீனப் படம்’ என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சினிமா வரலாற்றில் யாருடைய பணமும் படாத படம் மிக அபூர்வம்.

நீளத்திலிருந்தே பார்க்கலாம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியர் சகோதரர்கள் காட்டிய பத்துப் படங்களும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கேமராவுக்குள் அவ்வளவு பிலிம்தான் அடங்கும். ஆக, சினிமா பிறந்ததே குறும்படமாகத்தான். பிறகுதான் பெரிய படம் வந்து அதை ஓரம் கட்டியது. இன்று ஆஸ்கர் விதிப்படி எழுத்தோட்டம் உட்பட 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம். பிரான்சின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஓடும் நேரத்தைக் குறைக்க இயக்குநர்கள் கடைசி நன்றிப் பட்டியலை வெட்டுவதற்கு இந்த விதிகளும் ஒரு காரணம்.

பிரான்சில் குறும்படத்தைக் காப்பாற்றியது ஒரு சட்டமும் ஒரு சண்டையும். ஒரே காட்சியில் இரண்டு முழுநீளப் படங்கள் ஓட்டுவதை 1940-இல் வந்த சட்டம் தடுத்தது. பெரிய படத்துக்குத் துணையாக ஒரு குறும்படம் ஓடியது, வசூலில் ஒரு பங்கும் அதற்குப் போனது. 1953-இல் அரசு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டபோது, குறும்பட இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும் ‘முப்பதின்மர் குழு’ என்று சேர்ந்து அறிக்கை விட்டார்கள். அதன் பிறகு தரம் பார்த்து உதவித்தொகை தரும் முறை வந்தது. ஆலன் ரெனே நாஜி வதைமுகாம்களைப் பற்றி 32 நிமிடப் படம் எடுத்ததும், கிறிஸ் மார்க்கர் 1962-இல் ஏறக்குறைய முழுக்க நிழற்படங்களையே அடுக்கி 28 நிமிடத்தில் ஓர் அறிவியல் புனைகதையைச் சொன்னதும் அப்படிப்பட்ட சூழலில்தான். ஷாட் ஓடவே வேண்டாம், நிழற்படமே போதும் என்று முடிவெடுக்க, வசூலைப் பற்றிக் கேட்காத ஒரு தயாரிப்பாளர் தேவை.

ஜெர்மனியில் இந்த வேலையைச் செய்தது நிலக்கரியும் இரும்பும் விளைந்த ஓபர்ஹவுசன் என்ற ஊர். 1954-இல் அங்கே தொடங்கிய குறும்பட விழா இன்றும் நடக்கிறது. 1962 பிப்ரவரி 28 அன்று அந்த விழாவில் 26 இளைஞர்கள் பழைய ஜெர்மன் சினிமா செத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அவர்கள் பெரும்பாலும் குறும்படம் எடுத்தவர்கள். பெரிய படம் எடுக்கக் காசு கேட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அதற்கான நிதியமைப்பும் வந்தது. குறும்படத்தை ஏணியாகப் பயன்படுத்தும் பழக்கம் நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை.

எனக்கு இதைவிடச் சுவாரசியமானவை, அரசாங்கம் வேறு எதற்கோ கொடுத்த காசில் பிறந்த படங்கள். ஈரானில் 1965-இல் சிறுவர்களின் அறிவு வளர்ச்சிக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நூலகம், கதைப் புத்தகம் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் சினிமாப் பிரிவும் சேர்ந்தது. அங்கேதான் 1970-இல் அப்பாஸ் கியாரொஸ்தமி தன் முதல் படமான ‘ரொட்டியும் சந்தும்’ எடுத்தார். கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பையன். குறுகிய சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. பையனுக்குப் பயம். யாராவது பெரியவர் வந்தால் ஒட்டிக்கொண்டு போகலாம் என்று காத்திருக்கிறான். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறான். கதை இவ்வளவுதான். கோத்தகிரிப் பக்கம் எந்த ஹட்டியிலும் (படுகர் ஊரிலும்) பால் வாங்கப் போன எந்தப் பிள்ளைக்கும் இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. நாயும் பையனும் ஒரே ஷாட்டில் வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பல நாள் காத்திருந்ததாகக் கியாரொஸ்தமியே சொல்லியிருக்கிறார். நாய்க்காகப் பல நாள் காத்திருக்க எந்த வணிகத் தயாரிப்பாளரும் விட்டிருக்க மாட்டார். சிறுவர் நிறுவனம் விட்டது.

போலந்தில் காசு கொடுத்தது பள்ளிக்கூடம். ஊட்ச் நகரத் திரைப்படப் பள்ளியில் படிக்கும்போது கீஸ்லோவ்ஸ்கி 1966-இல் ‘அலுவலகம்’ என்று ஐந்தாறு நிமிடப் படம் ஒன்று எடுத்தார். ஓய்வூதிய அலுவலக ஜன்னல். உள்ளே டீ போடுகிறார்கள், முத்திரை குத்துகிறார்கள். வெளியே முதியவர்கள் வரிசையில். அந்தச் சான்று இல்லை, இந்தத் தாள் இல்லை, திரும்பி வாருங்கள். கடைசியில் கேமரா கோப்புகள் அடுக்கிய அலமாரிகளின் மேல் நகர, வாழ்நாள் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்லி ஜன்னல் குரல் மறுபடி மறுபடி கேட்கிறது. கம்யூனிச அரசின் பள்ளி, அதே அரசின் அலுவலகத்தைப் பற்றி மாணவன் எடுத்த படத்துக்குப் பிலிம் கொடுத்தது. தாலுகா அலுவலக வராந்தாவில் ஒரு முழு நாள் நின்ற எவரும் இதைத் தம் ஊர்ப் படம் என்றே சொல்வார்கள்.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. மாஸ்கோவில் சினிமா கற்றுத் திரும்பிய உஸ்மான் செம்பேன், 1963-இல் செனகல் தலைநகர் டாக்கரின் குதிரைவண்டி உலகத்திலிருந்து ஒரே ஒரு வண்டிக்காரனின் ஒரு நாளை இருபது நிமிடத்தில் எடுத்தார். சவாரி ஏறுகிறவர்களில் பலர் காசு கொடுப்பதில்லை. முன்பு வெள்ளைக்காரர் பகுதியாக இருந்த இடத்துக்குள் போனதும் போலீஸ்காரர் வண்டியைப் பறித்துக்கொள்கிறார். எழுத்தாளராகப் பேர் வாங்கியவர் சினிமாவுக்கு வந்த காரணம், எழுதப் படிக்கத் தெரியாத தன் மக்களுக்குத் தன் கதை போய்ச் சேர வேண்டும் என்பது.

நம் பக்கம் காசு கொடுத்தது டில்லி. 1948-இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் என்ற மத்திய அரசு நிறுவனம் எடுத்த படங்களைத் தியேட்டர்கள் கட்டாயம் ஓட்ட வேண்டியிருந்தது, அதற்கு வசூலில் ஒரு விழுக்காடு வாடகையும் கட்ட வேண்டியிருந்தது. ஆக, இந்தியாவில் குறும்படத்துக்கு ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பார்வையாளர் கூட்டம் ஒன்று இருந்தது; ஆனால் அந்தக் கூட்டம் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தது. அணைக்கட்டு, குடும்பக் கட்டுப்பாடு, வெள்ள நிவாரணம் என்று குரல் முழங்கும் படங்களுக்கு நடுவே, 1960-களின் பிற்பாதியில் சில அதிசயங்களும் வந்தன. சுதந்திரம் பெற்ற ஆண்டில் பிறந்து இருபது வயது ஆனவர்களிடம் மைக்கை நீட்டி எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-இல் எடுத்த படம் அதில் ஒன்று. அரசுக் காசில் அரசைக் கேலி செய்கிற இளைஞர்களையும் அதில் பார்க்கலாம்.

சத்யஜித் ராய்க்கு ஒருமுறை பணம் கொடுத்தது எண்ணெய்க் கம்பெனி. 1964-இல் எஸ்ஸோ நிதியுதவியில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஆங்கிலத்தில் ஒரு குறும்படம் கேட்டார்கள். வங்காளத்துச் சிறுவர்கள் ஆங்கிலம் பேசுவதை அவர் விரும்பவில்லை. வசனமே இல்லாமல் ‘டூ’ என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். மாளிகைக்குள் விலையுயர்ந்த பொம்மைகளோடு ஒரு பையன், வெளியே குடிசைப் பையன், நடுவே ஒரு ஜன்னல். நிபந்தனைக்கு அடிபணியாமல், முறைத்துக்கொள்ளவும் செய்யாமல் அதை எப்படிக் கடப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

தமிழுக்கு வருவோம். 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. போட்டோ கேமராவிலேயே சினிமாத் தரத்தில் வீடியோ. அதில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம்தான் பதிவாகும், பழைய சுருளின் நீளமே வேறு காரணத்தால் திரும்பி வந்த மாதிரி. ஆனால் பிலிம் செலவு போய்விட்டது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வழியாகக் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் வந்தார்கள். நன்றாக எடுத்தார்கள், சிரிப்பின் நேரக்கணக்கு அந்தப் படங்களில் துல்லியமாக இருந்தது. ஆனால் யார் காசு? அப்பாவின் பி.எஃப், அக்காவின் நகைக்கடன், நண்பனின் கேமரா. திரும்பக் கிடைக்க வேண்டியது என்ன? பெரிய படம் இயக்கும் வாய்ப்பு. ஆகவே குறும்படம் ஒரு மாதிரித் துண்டு ஆகிவிட்டது. எட்டு நிமிடத்துக்குள் நாயகன் அறிமுகம், காதல், ஒரு பாட்டு, கடைசியில் டுவிஸ்ட். தயாரிப்பாளர் பார்த்தால் ‘இந்தப் பையன் கதை சொல்வான்’ என்று தோன்ற வேண்டும். நாயையும் ரொட்டியையும் காட்டினால் அவருக்கு அப்படித் தோன்றாது.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன்: விழிப்புணர்வுக் குறும்படப் போட்டி. நெகிழி, போதை, வாக்குரிமை. நெகிழிக்குத் தடை உள்ள மலை மாவட்டம் என்பதால் எங்களிடம் இதற்குப் பஞ்சமே இல்லை. பரிசு கொடுப்பவர் கடைசிக் காட்சியில் ஒருவர் திருந்துவதை எதிர்பார்க்கிறார். எடுப்பவர் திருத்திக் கொடுக்கிறார்.

முதுமலையிலிருந்து ஆஸ்கர் போன படத்தையும் இந்தக் கேள்வியோடு பார்க்கலாம். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ், தெப்பக்காடு யானை முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதியையும் ரகு, அம்மு என்ற குட்டிகளையும் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’, 2023 மார்ச்சில் குறு ஆவணப்படப் பிரிவில் ஆஸ்கர் வென்றது. இந்தியத் தயாரிப்பு ஒன்று அந்தப் பிரிவில் வென்றது அதுவே முதல் தடவை. படப்பதிவு சுமார் 450 மணி நேரம் என்று செய்திகள் சொல்லின. இதை 16 மி.மீ.-இல் எடுத்திருந்தால் 400 அடிச் சுருள் 2,400-க்கு மேல் வேண்டும். எச்.பி.எஃப் நல்ல நிலையில் இருந்த காலத்தில்கூட அவ்வளவு பிலிமை ஒரு குறும்படத்துக்கு எந்தத் தயாரிப்பாளரும் வாங்கித் தந்திருக்க மாட்டார். யானைக்குட்டி தானாக வந்து பழகும்வரை கேமராவை ஓடவிட முடிந்தது டிஜிட்டல் வந்ததால்.

காசு நெட்ஃபிளிக்ஸுடையது. அதனால் படம் தாழ்ந்துவிடவில்லை. பெள்ளியின் முகத்தில் ஒளி விழும் சில ஷாட்டுகளை நான் மறக்க மாட்டேன். ஆனால் உலகம் முழுக்க வீட்டுச் சோபாவில் பார்க்கப்போகும் படம் எதை முன்னால் வைக்கும், எதைப் பின்னால் தள்ளும் என்பதும் தெரிகிறது. அன்பு முன்னால். அம்முவை வேறு ஆளிடம் ஒப்படைக்கச் சொல்லும் வனத்துறை முடிவு வருகிறது. முகாம் கூலியும் காட்டுநாயக்கர் பழங்குடியினரின் நில உரிமையும் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. வேறு யாராவது வேறு காசில் எடுத்திருந்தால் வேறு படம் வந்திருக்கும்.

இதற்கு முன்னால் நீலகிரி பல்லாண்டுகளாக லொக்கேஷன். கேத்தி ரயில் நிலையம், பைக்காரா, மலை ரயில் எல்லாம் எந்த மொழிக்காரர் பாட்டிலும் வரும்; கொழுந்து கிள்ளும் பெண்கள் பின்னணியில் அசைவார்கள். பெரிய படத்துக்கு மலை தேவை, மலைக்காரர் தேவையில்லை. இங்கே குறும்படம் எடுக்க வருகிறவர்களும் அதே வியூ பாயின்ட்டுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள் என்பது என் மனக்குறை. பந்தலூரில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனத்தின் லைன் வீடுகளில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்குப் பின்னால் 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு பாட்டி பழைய பாஸ்போர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பது பத்து நிமிடப் படத்துக்குத் தாராளம்.

செலவு நோக்கிலும் அதுதான் சரி. புலிகள் காப்பகத்துக்குள் கேமராவை நிறுத்த வனத்துறை அனுமதி வேண்டும். மலை ரயிலில் எடுக்க ரயில்வே அனுமதியும் கட்டணமும் வேண்டும். வெளிப்புறத்தில் மிஸ்ட் இறங்கினால் முன் ஷாட்டும் பின் ஷாட்டும் ஒட்டாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், தேவாலா பக்கம் நனையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலிப்பதிவை மூட்டை கட்டிவிடலாம். லைட்டும் ஜெனரேட்டரும் கோவையிலிருந்து ஏறி வர வேண்டும். ஒரு சமையலறை, ஒரு கவுன்டர், ஒரு பேருந்து நிறுத்தம் போதும் என்று முடிவெடுத்தால் இதில் பாதிச் செலவு விழாது.

எடுத்த பிறகு எங்கே அனுப்புவது? பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் விழாவில் குறும்படங்களுக்கென்றே சந்தையும் உண்டு. தொலைக்காட்சிகள் வந்து வாங்குகின்றன. திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமி ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் நடத்தும் விழா 2008-இல் தொடங்கியது. நமக்கு அது பக்கம்தான். ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் அரங்கிலும் உலகக் குறும்படங்களுக்கென்று விழா நடந்த ஆண்டுகள் உண்டு. ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளத்தில் ஒரே சொடுக்கில் நூறு விழாவுக்கு அனுப்பலாம், நூறு இடத்திலும் டாலரில் கட்டணம் கட்டலாம். மாதம் ஒருமுறை விருது கொடுத்து, அரங்கில் ஒரு காட்சிகூட நடத்தாத ‘விழா’க்கள் அங்கே ஏராளம். போஸ்டரில் விருதுச் சின்னமான இலை வளையம் ஒட்டிக்கொள்ள மட்டும் அது உதவும். படம் எந்த அரங்கில், எந்தத் தேதியில் ஓடியது என்று முந்தைய ஆண்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். யூடியூபில் ஏற்றும் அவசரத்தையும் கொஞ்சம் அடக்க வேண்டும். இணையத்தில் வந்துவிட்ட படத்தைப் பல விழாக்கள் தொடாது.

ஊரில் திரையிட நினைப்பவர்களுக்கு ஒரு சொல். எங்கள் மலையில் ஓர் அரங்கில் இருபது பேர் உட்கார்ந்தால் படுகு, தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் இருக்கும்; ஆங்கில சப்டைட்டிலைப் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். வசனம் இல்லாத அல்லது மிகக் குறைந்த படங்களில் தொடங்குங்கள். ராயின் ‘டூ’. லமோரிஸின் ‘சிவப்பு பலூன்’, 34 நிமிடம். பேச்சு மிகக் குறைவு என்பது அதற்குத் திரைக்கதை ஆஸ்கர் கிடைப்பதைத் தடுக்கவில்லை. எல்லையில் முளைத்த ஒரு பூவுக்காக இரண்டு அண்டை வீட்டார் அடித்துச் சாகும் நார்மன் மெக்லாரனின் 1952-ஆம் ஆண்டுப் படம், எட்டு நிமிடம்; அதற்குக் காசு கனடா அரசின் திரைப்பட வாரியம் கொடுத்தது. பிறகு ‘ரொட்டியும் சந்தும்’. ‘அலுவலகம்’ மட்டும் போலிஷ் மொழியில் பேசும். அதற்கு ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று அந்த ஜன்னல் குரல் கடைசியில் கேட்பதைத் தமிழில் ஒரு தடவை சொன்னால் போதும்.